புழக்கடைக் கணக்கு

அன்புள்ள சார்,

நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் போயிருந்தேன். அவள் வீட்டுத் தோட்டம் முழுக்கச் சிப்மங்க் என்கிற கோடு போட்ட அணில். கல் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும், இரண்டு கன்னமும் உப்ப எதையாவது அள்ளிக்கொண்டு ஓடும். இந்த ஆகஸ்டில் மகள் போனில் சொல்கிறாள், ஒன்றைக்கூடக் காணோமாம். பக்கத்து வீட்டில் விஷம் வைத்துவிட்டார்களோ என்று அவளுக்குச் சந்தேகம்.

கேட்டதும் எங்கள் வீட்டு நினைப்புதான் வந்தது. புழக்கடையில் முன்பு எத்தனை அணில்! இப்போது எப்போதாவது ஒன்று. சிட்டுக்குருவி அடியோடு இல்லை. செல்போன் டவர்தான் காரணம் என்கிறார் என் வீட்டுக்காரர். மயிலோ மொட்டைமாடி வரை வருகிறது. நரி இல்லாமல் போனதால் பெருகிவிட்டது என்கிறார்கள். குரங்குத் தொல்லை வேறு. அங்கே, இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே காரணமா? ஒகேனக்கல்லில் ஒருமுறை பார்த்த பெரிய அணிலும் இதே ஜாதியா? கடைசியாக ஒன்று. மிச்சமிருக்கும் ஓரிரு அணிலும் கொய்யாவைக் கடித்துப் போடுகிறது என்று மரத்துக்கு நைலான் வலை போட இருக்கிறார். போடலாமா?

ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

அன்புள்ள டீச்சர்,

முதலில் மகளைச் சமாதானப்படுத்துங்கள். ஆகஸ்டில் சிப்மங்க் கண்ணில் படாதது பெரிய செய்தியே இல்லை. கோடை நடுவில் அவை வளைக்குள்ளேயே அதிக நேரம் இருந்துவிடும், வெளி நடமாட்டம் குறைந்துபோகும். ஓக் மரத்துக் கொட்டை உதிரும் செப்டம்பர், அக்டோபரில் மறுபடி ஓடியாட ஆரம்பிக்கும். அப்போதும் காணோம் என்றால்தான் அடுத்த கேள்வி. அப்போதும் விஷத்துக்குப் போவதற்கு முன், ஓக் போன இலையுதிர்காலத்தில் காய்த்ததா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரரிடம் இதை விளக்குவது சுலபம். மா ஒரு வருஷம் கிளை முறியக் காய்க்கும், மறு வருஷம் வெறும் இலையாக நிற்கும். ஓக்கும் அந்த மாதிரிதான், ஆனால் அதன் கணக்கு இன்னும் ஒழுங்கில்லாதது. இரண்டு வருஷம் கழித்தும் வரலாம், ஐந்து வருஷம் கழித்தும் வரலாம் அந்தப் பெருங்காய்ப்பு. இதில் விசேஷம் என்னவென்றால், ஒரு வட்டாரத்து மரங்கள் ஏறக்குறைய சேர்ந்தே காய்க்கும், சேர்ந்தே ஓய்ந்திருக்கும். ஓய்ந்திருக்கும் வருஷங்களில் கொட்டையை நம்பிய பிராணிகள் பட்டினியில் குறைந்துவிடும். அப்புறம் திடீரென்று கொட்டை கொட்டோ கொட்டென்று கொட்டும்போது, இருக்கிற வாய்கள் எல்லாம் தின்றாலும் தீராது. மிச்சம் முளைக்கும். மரம் இப்படி விட்டுவிட்டுக் காய்ப்பதற்கு இதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள்.

சிப்மங்க் பக்கம் நின்று பார்த்தால் கதை இப்படி. அது நம் அணில் மாதிரி மரவாசி இல்லை, தரைவாசி. மண்ணுக்குள் நீளமாக வளை தோண்டி, அதில் உக்கிராண அறை மாதிரி ஓர் இடம் ஒதுக்கி, கன்னப்பையில் கொண்டுவந்ததை எல்லாம் கொட்டி வைக்கும். பனிக்காலத்தில் உடம்பு குளிர்ந்து மரத்துப்போய்க் கிடக்கும். ஆனால் கரடி மாதிரி உடம்புக் கொழுப்பை நம்பித் தூங்குவதில்லை. சில நாளைக்கு ஒருதரம் விழித்து, சேர்த்ததைத் தின்றுவிட்டுத் திரும்பப் படுக்கும். ஆகவே போன அக்டோபரில் கொட்டை விழுந்ததா இல்லையா என்பதுதான் இந்த வசந்தத்தில் எத்தனை உயிரோடு எழுந்திருக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. கொட்டை இல்லாத வருஷத்துக்கு அப்புறம் குட்டி போடுவதும் குறையும். நீங்கள் போயிருந்தது ஒருவேளை நல்ல காய்ப்புக்கு அடுத்த வருஷமாக இருக்கலாம். அப்படியானால் நீங்கள் பார்த்த கூட்டமே வழக்கத்துக்கு மேல். அதை அளவுகோலாக வைத்தால் அதற்கு அடுத்து வரும் எந்த வருஷமும் பஞ்சமாகத்தான் தெரியும்.

இதில் இன்னொரு சமாசாரம், பேரனோ பேத்தியோ இருக்கும் வீடு என்பதால் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்து ஓக் காடுகளில் ரிச்சர்ட் ஆஸ்ட்ஃபெல்ட் என்கிற விஞ்ஞானியின் குழு பல வருஷம் எண்ணிப் பார்த்தது. கொட்டை நிறைய விழுந்தால் அடுத்த வருஷம் காட்டெலியும் சிப்மங்க்கும் பெருகுகின்றன. அதற்கும் அடுத்த வருஷம், அவற்றின் ரத்தம் குடித்து வளர்ந்த உண்ணிகள், கடித்தால் மனிதருக்கும் தொற்றுகிற லைம் என்னும் நோயின் கிருமியோடு திரிகின்றன. சிப்மங்க் பெருத்த வருஷத்துக்கு மறு வருஷம், தோட்டத்தில் விளையாடிய குழந்தையின் காது மடல், தொடை இடுக்கு எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தினம் பார்த்துவிடச் சொல்லுங்கள். சிப்மங்க் குறைந்தது என்று வருத்தப்படுகிறவர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதில்லை.

சரி, நம் ஊருக்கு வருவோம். இரண்டுக்கும் ஒரே காரணமா என்று கேட்டீர்கள். இல்லை. எடையில் கிட்டத்தட்ட ஒன்று, இரண்டும் நூறு கிராம் சுமாருக்கு வரும்; முதுகில் கோடும் உண்டு. ஒற்றுமை அவ்வளவோடு சரி. நம் அணிலுக்குத் தூங்கும் காலம் கிடையாது, ஒரே கொட்டையை நம்பும் பிழைப்பும் கிடையாது. மாம்பிஞ்சு, புளியம்பழம், வேப்பம்பழம், முருங்கைப்பூவின் தேன், எறும்பு, கரையான், வாசலில் சிந்திய பொரி எல்லாம் அதற்கு ஆகும். சினைக்காலம் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட, ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டி. இப்படிப்பட்ட பிராணி ஒரு வீட்டுப் புழக்கடையிலிருந்து காணாமல் போகிறது என்றால் மழையையும் வெயிலையும் விசாரிப்பதற்கு முன்னால் அந்தப் புழக்கடையை விசாரிக்க வேண்டும்.

உங்கள் வீடு முன்பு ஓட்டு வீடாக இருந்து பிறகு தார்சு வீடாக மாறியதா என்று எழுதவில்லை. நான் ஊகிக்கிறேன். ஓட்டு வீட்டில் சுவருக்கும் உத்தரத்துக்கும் நடுவே ஒரு சாண் சந்து இருக்கும். அணில் அதில் தேங்காய் நார், கிழிந்த தலையணைப் பஞ்சு, சாக்கு நூல், கொடியில் காய்ந்த பழைய துணியின் ஓரம் எல்லாம் இழுத்துப்போய்த் திணிக்கும். வாய் நிறைய நாரை வைத்துக்கொண்டு முன்னங்கால் இரண்டாலும் அதை உருண்டையாகச் சுருட்டி, உருட்டியது பிரியாமல் பல்லில் கவ்விக்கொண்டு ஓட்டின் மேல் ஓடும். அந்த உருண்டை அதன் தலையைவிடப் பெரிதாக இருக்கும், எதிரே என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியுமா என்பதே சந்தேகம். கான்கிரீட் கூரையில் அந்தச் சந்து இல்லை. அப்போது மிச்சம் மரம்தான். ஆனால் ஒற்றை மரம் போதாது. அணில் திறந்த தரையில் நெடுந்தூரம் போக விரும்பாது. முருங்கையிலிருந்து மதில், மதிலிலிருந்து வேம்பு, வேம்பிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னை என்று வழி தொடர வேண்டும். நடுவில் ஒரு மரம் போனாலும் தரையில் இறங்க வேண்டும். தரையில் பூனை இருக்கிறது.

பூனையைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை, ஆனால் என் கணக்கில் வீட்டு அணிலின் முதல் எதிரி அதுதான். சாரைப்பாம்பு, செம்போத்து, வல்லூறு எல்லாம் பிடிக்கும்தான். அவை பசிக்குப் பிடிக்கும். சோறும் பாலும் வைத்து நாம் வளர்க்கும் பூனை பசியே இல்லாமல் பிடிக்கும். மதில் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தால் அணில் வாலைச் சுண்டிச் சுண்டி ‘கீச் கீச்’ என்று மணிக்கணக்கில் கத்தும், கவனித்திருப்பீர்கள். அந்தச் சத்தம் உங்கள் தெருவில் எந்தத் திசையில் கேட்கிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். அணில் எங்கே போயிற்று என்பதும் தெரிந்துவிடும். பெரும்பாலும் நாலு வீடு தள்ளி, இன்னும் ஓடு பிரிக்காத, புளியமரம் வெட்டாத வீட்டில் இருக்கும்.

சிட்டுக்குருவி விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரோடு நான் ஒத்துப்போக மாட்டேன். தானிய மண்டி இருக்கும் ஏதாவது ஒரு தெருவில் காலையில் போய் நிற்கச் சொல்லுங்கள். தலைக்கு மேலே டவர், காலடியில் குருவி. 2020 பிப்ரவரியில் வெளியான இந்தியப் பறவைகள் நிலை அறிக்கை, ஆயிரக்கணக்கான பறவை பார்ப்போரின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பெருநகரங்களில் குருவி குறைந்தாலும் நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் ஓரளவு நிலையாகவே இருக்கிறது என்றது. குருவிக்கு வேண்டியது இரண்டு. கூடு வைக்க ஒரு பொந்து, குஞ்சு பொரித்த முதல் நாட்களில் ஊட்டப் புழுபூச்சி. தானியம் தின்னும் பறவைதான், ஆனால் குஞ்சுக்குத் தானியம் ஆகாது. கேழ்வரகும் சாமையும் களத்தில் அடித்துத் தூற்றிய காலத்தில் வீட்டுக்கு முன்னால் தானியமும் இருந்தது, எருக்குழியில் புழுவும் இருந்தது. இன்று தக்காளியும் மல்பெரியும் ரோஜாவும் வந்துவிட்டன, மருந்தடிப்பும் கூடவே வந்துவிட்டது. எருக்குழி இருந்த இடத்தில் கார் நிற்கிறது. டவரைத் திட்டுவது இதைவிடச் சுலபம்.

மயில் பெருகியது உண்மை. அதே அறிக்கை அதை உறுதியாகச் சொல்கிறது. 1963-இல் தேசியப் பறவை ஆயிற்று, 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, முருகனின் வாகனம் என்று நம் ஆட்களும் கை வைப்பதில்லை. கேரளத்தில் அது பரவுவதற்கு அந்த நாடு வறண்டுகொண்டு வருவதே காரணம் என்று ஓர் ஆய்வு சொல்லிற்று. அந்தக் காரணத்தை நம் ஊருக்குத் தூக்கி வர முடியாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றைக்குப் பசேலென்று இருந்தன, இன்று வறள? இங்கே தரிசு விழுந்த நிலத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்தது, பக்கத்திலேயே போர்வெல் தண்ணீரில் கோடையிலும் ஒரு பயிர் நின்றது. ஒளிய ஒரு புதர், மேய ஒரு வயல், இரண்டும் கூப்பிடு தூரத்தில். தரையில் முட்டையிடும் பறவைக்கு வேறென்ன வேண்டும்? நரி முட்டையைத் தின்னும் என்பதால் அது குறைந்ததும் உதவியிருக்கும். நரியை மட்டும் திருப்பிக் கொண்டுவந்தால் மயில் குறைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

குரங்குதான் இதில் தலைகீழ்க் கதை. நம் கண்ணுக்குப் பெருகியதாகத் தெரிகிற பிராணி உண்மையில் குறைந்துகொண்டிருக்கிறது. தென்னிந்தியாவில் மட்டுமே வாழும் நாட்டுக்குரங்கை 2020-இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவாய்ப்புள்ள இனங்களில் சேர்த்தது. சாலையோர ஆலும் அத்தியும் புளியும் அதன் வீடு. சாலையை அகலப்படுத்தி அவற்றை வெட்டினோம். மரத்தில் இருந்தது மாடிக்கு வந்தது, மாடிக்கு வந்ததால் கண்ணில் பட்டது, கண்ணில் பட்டதால் பெருகிவிட்டது என்கிறோம். புழக்கடையில் எண்ணினால் புழக்கடையின் கணக்குதான் கிடைக்கும். இனத்தின் கணக்கு அதற்கு நேர் எதிராகக்கூட இருக்கும்.

ஒகேனக்கல்லில் நீங்கள் பார்த்தது சாம்பல் மலையணிலாக இருக்க வேண்டும். வீட்டு அணிலுக்குத் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். காவிரிக்கரை நீர்மருது மரங்களில் கிளை விட்டுக் கிளை தாவும், தரைக்கு இறங்குவது அபூர்வம். தமிழ்நாட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கமும், காவிரிக்கரைக் காடுகளிலும், இன்னும் சில இடங்களிலும்தான் இருக்கிறது. 2022 நவம்பரில் நம் இரண்டு மாவட்டக் காடுகளையும் சேர்த்து சுமார் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அரசு அறிவித்தது. அதில் இதுவும் ஒரு முக்கியப் பிராணி. உங்கள் புழக்கடை அணில் போனால் நாலு வீடு தள்ளி இருக்கும். ஆற்றங்கரை மரம் போய் இந்த அணில் போனால் தேடுவதற்கு நாலு வீடு கிடையாது. கவலைப்பட நேரம் இருந்தால் இதற்கு ஒதுக்குங்கள்.

நீங்கள் டீச்சர் என்பதால் ஒரு வேலையும் தருகிறேன். வாரம் ஒருநாள், ஒரே நேரம், ஒரே நாற்காலி, பத்து நிமிஷம்; பார்த்ததைப் பழைய நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். ஒன்றுமே வராத நாளையும் எழுத வேண்டும், அதுதான் பலர் விட்டுவிடுவது. மகளையும் அங்கே இதையே செய்யச் சொல்லுங்கள், ஓக் கொட்டை விழுந்த அளவோடு சேர்த்து. பறவை என்றால் பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் கணக்கெடுப்பில் நீங்களும் சேர்ந்துகொள்ளலாம், வீட்டு மாடியிலிருந்தே முடியும்.

அப்புறம் அந்த நைலான் வலை. வேண்டாம். அணிலை அது ஒருநாள் நிறுத்தும், மறுநாள் பல்லால் அறுத்துவிடும். ஆனால் குட்டி அணிலின் கால் மாட்டும், அடியில் தொங்கும் பகுதியில் சாரைப்பாம்பு செதில் சிக்கி வெயிலில் செத்துக் கிடக்கும். உங்கள் வீட்டு எலியைப் பிடிப்பது அந்தச் சாரைதான். கொய்யா எலுமிச்சை அளவு வந்ததும் கை எட்டுகிற காய்களுக்குத் துணிப்பையோ காகிதப்பையோ கட்டுங்கள், பழ ஈயும் சேர்ந்து நிற்கும். எட்டாத உச்சிக் கிளையை விட்டுவிடுங்கள். வலை ஏற்கெனவே வாங்கியாயிற்று என்றால் கீரைப்பாத்திக்கு மேல் நாலு குச்சி நட்டு விறைப்பாகக் கட்டச் சொல்லுங்கள், ஓரம் தரையில் புரளாமல் ஒரு முழம் மேலே நிற்கட்டும்.

அன்புடன்