விடியுமுன் அலசிய துணி

கேள்வி: 17-ஆவது வாரத்தில் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் சோதித்தார்கள். மறுநாளிலிருந்து நீர் கசிகிறது. இன்று நான்காம் நாள். சோதனையே வேண்டாம் என்று மாமியார் தடுத்திருந்ததால் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. விடியுமுன் துணிகளை அலசிப் போட்டுவிடுகிறேன். ஓட்டையை அடைக்கும் சிகிச்சை செய்துகொள்ளலாமா?

பதில்: மருத்துவமனைக்கு உடனே போகச் சொல்லி, கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். கேள்வியைவிட என்னை உறுத்தியது நீங்கள் அலசிய அந்தத் துணிதான். எவ்வளவு நனைந்தது, நீர் தெளிவாக இருந்ததா, பழுப்போ இரத்தமோ கலந்திருந்ததா, நாற்றம் வீசியதா என்று மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை அதில் இருந்தது. அதை நான்கு நாட்களாக நீங்களே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டீர்கள். இனி நாப்கின் வையுங்கள், கடைசியாக வைத்ததைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பனிக்குடச் சவ்வில் இரத்தக் குழாய்கள் இல்லாததால் அது தோல்போல ஆறி மூடுவதில்லை. ஆயினும் ஊசிச் சோதனைக்குப் பின் வரும் கசிவு பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ நின்றுவிடுவதால், மருத்துவர்கள் முதலில் நீரின் அளவை ஸ்கேனிலும் தொற்றின் அறிகுறியை இரத்தத்திலும் பார்த்தபடி காத்திருக்கிறார்கள். கசிவு நிற்காமல் நீர் வற்றினால் சிசுவின் நுரையீரல் வளர்ச்சி கெடும். நீங்கள் கேட்ட சிகிச்சையைப் பற்றிய பேச்சு அப்போதுதான் எழுகிறது. 1996-இல் முதலில் விவரிக்கப்பட்ட அம்முறையில், இரத்தம் உறைய உதவும் அணுக்களான பிளேட்லெட்டையும், இரத்தத்தின் நீர்ப்பகுதியிலிருந்து பிரித்தெடுத்த உறைபொருளான கிரையோபிரெசிபிடேட்டையும் பனிக்குடத்துக்குள் செலுத்துவார்கள். அதற்கு மீண்டும் ஓர் ஊசி குத்தியாக வேண்டும். அதன் பின் சிசு இறந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. தொற்று இருந்தால் செய்யவே கூடாது.

தொற்று இல்லை என்பதை யார் கவனிப்பது? நள்ளிரவில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ அடிவயிறு வலித்தாலோ உங்களைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவர் பக்கத்திலேயே ஒன்றும் அறியாமல் உறங்குகிறார். அவருக்குக் கவலை தராதது பரிவு என்று நீங்கள் எண்ணலாம். தகப்பன் என்ற முறையில் அவர் செய்ய வேண்டிய கடமையை அவரிடமிருந்து பறித்துவிட்டீர்கள் என்றே நான் சொல்வேன். மாமியார் ஏசட்டும். ஒரு நாள் ஏச்சுக்கு அஞ்சி நான்கு நாட்களைப் போக்கியது பெருந்தவறு, அம்மா. அவரும் பிள்ளை பெற்றவர்; சொன்னால் வீட்டு வேலையாவது அவர் கைக்குப் போகும்.

உங்கள் இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால், சோதனைக்குப் பின் ஆன்டி-டி ஊசி (சிசுவின் இரத்தத்துக்கு எதிரான பொருள் தாயின் உடலில் உருவாகாமல் தடுப்பது) போட்டார்களா என்று மறவாமல் கேளுங்கள். கசிவு நிற்கும்வரை தாம்பத்திய உறவு வேண்டாம். காய்ச்சல்மானியைக் கணவர் கையில் கொடுத்து, காலையும் மாலையும் அவரே பார்த்துக் குறித்துவைக்கச் சொல்லுங்கள்.