தளிர் வெளுத்தால் யூரியா போடாதீர்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு ஏற்ற செடிகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, இலை மஞ்சளாவது பற்றித்தான். நாற்றுப்பண்ணை வைத்திருந்த காலத்தில் நானும் இதில் கையைச் சுட்டுக்கொண்டவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பென்னாகரம்): அண்ணா, இட்லிப்பூ வைத்து ஆறு மாதம் ஆகிறது. தளிர் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடலாமா?

வேண்டாங்க. யூரியா தருவது தழைச்சத்து (நைட்ரஜன்). அது குறைந்தால் அடி இலைதான் முதலில் வெளுக்கும். தளிர் வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால், அநேகமாக இரும்புச்சத்துக் குறைதான். நம் செம்மண்ணின் சிவப்பே இரும்புதானே என்பீர்கள். இரும்பு இருக்கிறது, காரம் ஏறிய மண்ணில் அது கரைவதில்லை, வேருக்குக் கிடைப்பதில்லை. மண்ணின் அமில, கார அளவைச் சொல்லும் எண்தான் பி.எச். 7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம், கீழே அமிலம். இட்லிப்பூவுக்கு 5.5 முதல் 6.5 வரை இருந்தால் சுகம்.

போர் தண்ணீர் பிடிக்கும் பக்கெட்டின் உள்ளே வெள்ளையாகப் படிகிறதா, பாருங்கள். மண்ணைக் காரமாக்கும் அதே சுண்ணாம்பைத்தான் தினமும் செடிக்கும் ஊற்றுகிறீர்கள். இப்போதைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, மாலையில் இலை நனையத் தெளியுங்கள். பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை. பழைய இலை முழுதாகத் தேறாது. அடுத்த தளிரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிந்தால் தொட்டிக்கு மாற்றி, மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுங்கள்.

கேள்வி (காவேரிப்பட்டணம்): மண் காரமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் விடுங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. தோண்டும்போது வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) வந்தால் சோதனையே வேண்டாம். காம்பவுண்டு சுவரை ஒட்டி வைத்த செடி மட்டும் வாடினால், கொத்தனார் அங்கே புதைத்துவிட்டுப் போன சிமெண்டுக் காரையைத் தேடுங்கள். என் வீட்டு வாசலில் ஒரு முழு கூடை எடுத்தேன்!

சரியான எண் வேண்டுமென்றால் நாலைந்து இடத்தில் ஒரு சாண் ஆழம் வரை மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொண்டுபோய் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். தர்மபுரிக்காரர்கள் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

கேள்வி (அரூர்): பி.எச். 8.3 என்று வந்திருக்கிறது. கந்தகம் போட்டுக் குறைக்கலாமா, இல்லை இருக்கிற மண்ணுக்கே செடி வைக்கலாமா?

இருக்கிற மண்ணுக்கு வையுங்கள். சுண்ணாம்பு உள்ள மண்ணில் கந்தகம் போட்டால், அது உண்டாக்கும் அமிலத்தைச் சுண்ணாம்பே தின்றுவிடும், காசுதான் கரையும். முருங்கை, நெல்லி, மாதுளை, சப்போட்டா, இலந்தை எல்லாம் 8.3-ஐத் தாங்கும். பூவுக்குக் காகிதப்பூ. அரளியும் வரும், ஆனால் அது விஷம், ஆடும் குழந்தையும் இருக்கிற வீட்டில் வேண்டாம். எனக்கு ஒரே ஒரு செடிதான் என்றால் மாதுளை வைப்பேன்.

கேள்வி (ஓசூர்): ஊட்டியிலிருந்து நீலப் பூவோடு ஹைட்ரேஞ்சியா வாங்கி வந்தோம். இங்கே ரோஸ் நிறத்தில் பூக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லைங்க, அதே செடிதான். ஊட்டி மண் அமிலம். அதில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போவதால் நீலம். உங்கள் தண்ணீரின் காரத்தில் அலுமினியம் கரையாது, பூ ரோஸ் ஆகிவிடும். ஓசூர் குளிருக்குச் செடி பிழைத்துக்கொள்ளும். ரோஸும் அழகுதான், விட்டுவிடுங்கள்.

கேள்வி (பாலக்கோடு): ரோஜாவுக்கு அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் தவறாமல் போடுகிறேன் அய்யா. நல்லதுதானே?

சாம்பல் காரம், முட்டை ஓடு சுண்ணாம்பு. ஏற்கெனவே காரமான மண்ணில் இரண்டும் வேண்டாம்மா. ரோஜாவுக்கு மக்கிய தொழு உரம் இரண்டு கை போதும். சாம்பலைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.