கம்பளி விரிப்பை வீட்டிலேயே துவைக்கலாமா? சமையல் சோடாவும் வினிகரும் போதாதா?

துவைக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பக்கெட்டில் சலவைத்தூளைக் கரைத்து வைத்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். நீங்களும் அப்படியென்றால் அந்தத் தண்ணீரில் வேறு துணியை ஊறப் போடுங்கள்.

கம்பளி என்பது முடி. நம் தலைமுடியில் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான் அதிலும் இருக்கிறது. அதற்குக் காரம் ஆகாது. காரத்தை அளக்கும் பிஎச் கணக்கில் 7 நடுநிலை, அதற்கு மேலே காரம்; சலவைத்தூள் கரைசல் 10-ஐ ஒட்டி இருக்கும். போதாததற்குப் புரதக் கறையைத் தின்னும் நொதியையும் பலவற்றில் சேர்க்கிறார்கள். அந்த நொதிக்கு ரத்தக் கறையும் கம்பளியும் ஒன்றுதான். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள். கம்பளியை மஞ்சளாக்கும், விட்டுவைத்தால் கரைத்தே விடும்.

சமையல் சோடாவின் காரம் லேசானது, ஒருமுறை தூவியதால் விரிப்பு கெடாது. "வருஷக்கணக்கில் தூவுகிறோம், ஒன்றும் ஆகவில்லையே" என்று பின்னூட்டம் வரும் என்பதால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சிக்கல் அந்தத் தூள்தான். அது முடிச்சுகளுக்கு நடுவே இறங்கினால் வாக்குவம் முழுவதையும் இழுக்காது. சோடாவையும் வினிகரையும் சேர்த்துப் போடுவது வெறும் வேடிக்கை. ஒன்றையொன்று முறித்துக்கொண்டு கொஞ்சம் நுரையும் உப்புத் தண்ணீரும்தான் மிஞ்சும்.

தண்ணீரைத் தொடுவதற்கு முன் விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். மேலே உள்ள அதே பூவேலை பின்னாலும் தெரிந்தால் அது முடிச்சுப் போட்டதோ தறியில் நெய்ததோ, தண்ணீரைத் தாங்கும். பின்னால் கித்தான் துணி ஒட்டியிருந்தால் அது டஃப்டட். கம்பளி இழைகளை லேடக்ஸ் பசைதான் பிடித்துக்கொண்டிருக்கும். அதை ஊறவைத்தால் பசை விட்டுப்போகும், துணி உப்பும், நாற்றம் போகவே போகாது. மேலாகத் துடைப்பதோடு நிறுத்துங்கள். விற்கிறவர்கள் 'நூறு சதவீதக் கம்பளி' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அடியில் பசை என்பதை எங்காவது மூலையில்கூடச் சொல்வதில்லை. பின்பக்கத்தின் படத்தைக்கூடப் போடாமல் விற்கும் பொருளுக்கு எதை நம்பிக் காசு கொடுப்பது? சரி, அது வேறு புலம்பல்.

இழையே கம்பளிதானா என்று சந்தேகமிருந்தால் ஓரத்தில் ஒரு நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் நொறுங்கினால் கம்பளி. உருகி மணியாக உறைந்தால் செயற்கை இழை. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது மரக்கூழிலிருந்து எடுக்கும் விஸ்கோஸ். விஸ்கோஸ் விரிப்பை நனைக்கவே கூடாது. இழை விறைக்கும், மஞ்சளடிக்கும்.

உண்மையில் விரிப்பைத் தேய்ப்பது மண்தான். முடிச்சின் அடியில் தங்கும் மணல், மிதிக்க மிதிக்க இழையை அறுக்கும். மண் இருக்கும்போதே தண்ணீர் ஊற்றினால் சேறு. அதனால் விரிப்பைக் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்தைக் கையால் தட்டுங்கள், அல்லது வாக்குவம் வையுங்கள். தூக்கினால் தரையில் மண் கிடக்கும். பெருக்கிவிட்டு, மண் விழுவது நிற்கும்வரை அதையே திரும்பச் செய்யுங்கள். பிறகு மேல்பக்கம், இழை படுத்திருக்கும் திசையில். வாக்குவத்தின் உருளும் தூரிகையை நிறுத்திவிட வேண்டும், அது கம்பளியைப் பிய்த்துவிடும். குஞ்சத்தின் மேல் வாக்குவத்தை ஓட்டாதீர்கள். கையால் முடிந்த விரிப்பில் குஞ்சம் என்பது பாவு நூலின், அதாவது முடிச்சுகளைத் தாங்கும் நீளவாக்கு நூலின் முனை, அது அறுந்தால் ஓரத்து முடிச்சுகள் அவிழத் தொடங்கும்.

அடுத்தது சாயச் சோதனை. வெள்ளைத் துணியைச் சோப்புக் கரைசலில் நனைத்து ஒவ்வொரு நிறத்தின் மேலும் சில நிமிடம் அழுத்தி வையுங்கள். சிவப்பையும் கருநீலத்தையும் விட்டுவிடாதீர்கள். துணியில் நிறம் ஏறினால் வீட்டில் செய்யாதீர்கள், தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

நிறம் ஏறவில்லையென்றால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, கம்பளிக்கென்று விற்கும் நடுநிலை திரவ சோப்பு. தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம். சூடும் உராய்வும் சேர்ந்தால் முடியின் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொண்டு சிக்காகிவிடும், பிறகு பிரிக்க முடியாது. ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து, இரண்டடிக்கு இரண்டடியாக, இழையின் போக்கிலேயே துடையுங்கள். பிறகு வெறும் தண்ணீர்த் துணியால் இரண்டு முறை. சோப்பு மிச்சமிருந்தால் அடுத்த மாதமே அழுக்கு அங்கே வந்து ஒட்டும். கடைசியாக ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் ஒருமுறை துடையுங்கள். வினிகருக்கு வேலை இங்கேதான், மிஞ்சிய காரத்தை முறிப்பது. உலர்ந்த துண்டைப் போட்டு ஏறி நின்று ஈரத்தை ஒற்றி எடுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது காயவைப்பதில். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. அடியில் இருக்கும் பருத்திப் பாவு கடைசியில்தான் காயும். மெதுவாகக் காய்ந்தால் பருத்தியின் பழுப்பு மேலேறி இழை நுனியில் நிற்கும், பூஞ்சையும் பிடிக்கும். ஈர விரிப்பைக் கொடியில் தொங்கவிட்டால் அதன் பாரமே அதைக் கோணலாக்கும். அடியிலும் காற்று போகும்படி உயர்த்திப் படுக்கப் போட்டு மின்விசிறி வையுங்கள். ஒன்றிரண்டு நாள் ஆகும். பின்பக்கம் சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

கறைக்கு ஒரே விதி, தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள், வெளி ஓரத்திலிருந்து நடுவை நோக்கி. ரத்தத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் மட்டும். நாய், பூனையின் சிறுநீர் நாள்பட நாள்பட அம்மோனியாவாக மாறிச் சாயத்தையே குலைக்கும், உடனே ஒற்றித் தண்ணீரும் வினிகர்த் தண்ணீரும் காட்டுங்கள். பின்பக்கம்வரை இறங்கியிருந்தால் மேலே துடைத்துப் பயனில்லை. ஈரக் காற்று அடிக்கும் நாளில் வாடை திரும்ப வரும்.

புது விரிப்பில் பஞ்சு உதிர்வது சில மாதம் இருக்கும், பயப்பட வேண்டாம். நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிடித்து இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள்.

அந்துப்பூச்சி சோபாவுக்கு அடியில், மிதிபடாத இருட்டில்தான் வரும். தின்பது பறக்கும் பூச்சி இல்லை, அதன் புழு. திறந்த அறையில் அந்துருண்டை போட்டுப் பயனில்லை; மூடிய இடத்தில்தான் அதன் ஆவி வேலை செய்யும், திறந்த இடத்தில் நாம்தான் அதைச் சுவாசிப்போம். மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி இரண்டு பக்கமும் வாக்குவம் வைத்தாலே முட்டை தங்காது. சின்ன விரிப்பில் புழு வந்துவிட்டால், பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விடுங்கள், இல்லையென்றால் காற்றின் ஈரம் கம்பளியில் படியும்.