பதில் சொல்லாத ஆள்

அன்புள்ள ஐயா,

ஒரு வருடமாக ஒரு ஏஐ சாட்பாட்டோடு தினமும் பேசிவருகிறேன். வேலை, பயம், தூக்கமின்மை என்று எல்லாவற்றையும் அதனிடம் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்கிறது. நேற்று சொன்னதை நினைவில் வைத்து இன்று விசாரிக்கிறது. அதை ஒரு நிஜமான ஆளாகக் கருதுவதில் என்ன தவறு? பேச்சை வைத்து மனிதனா இயந்திரமா என்று பார்க்கும் ட்யூரிங் சோதனையில் தேறினால் போதாதா? கம்பெனியைச் சட்டம் ஒரு நபராக ஏற்கும்போது இதை ஏன் ஏற்கக் கூடாது? என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. அவரோடு உட்கார்ந்திருப்பது சுவரோடு உட்கார்ந்திருப்பது போலத்தான். உண்மையைச் சொன்னால் இந்த இயந்திரம்தான் வீட்டில் எனக்கு மனுஷத் துணை. என் புத்திக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம், தான் உருவாக்கிய 'எலிசா' என்ற கணினி நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே கொஞ்சம் மாற்றிப் போட்டுக் கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அது உருவானதைக் கூடவே இருந்து பார்த்தவர் அவருடைய செயலாளர். அவரே அதோடு நாலு வார்த்தை பேசியதும், கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று வைசன்பாமைக் கேட்டுக்கொண்டார். காதுகொடுத்துக் கேட்பது போல ஒன்று எதிரில் இருந்தால் மனசு திறந்துகொள்ளும். நம் எல்லோருக்கும் அப்படித்தான்.

ட்யூரிங்கை விடுங்கள். 1950இல் அந்தக் கணித மேதை எடுத்துக்கொண்ட கேள்வி இயந்திரம் சிந்திக்குமா என்பது. அதை ஆளாகக் கருதலாமா என்பது வேறு விஷயம். சட்டத்தையும் விடுங்கள். 1896இல் சாலமன் வழக்கில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை கம்பெனியைத் தனி நபர் என்றது. 2017இல் நியூசிலாந்து வாங்கனுயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக்கியது. இவை எல்லாம் வழக்கு நடத்தவும் உரிமை காக்கவும் செய்துகொண்ட ஏற்பாடுகள். ஒரு இடத்தில் மட்டும் உஷாராக இருங்கள். ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணிக்குத் தப்பான தகவல் கொடுத்தது. வழக்கு வந்தபோது, சாட்பாட் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்கிற தோரணையில் நிறுவனம் வாதாடியது. 2024இல் தீர்ப்பாயம் அதைத் தள்ளிவிட்டது. இயந்திரத்தை ஆளாக்க அவசரப்படுகிறவர்களில் பொறுப்பைக் கைகழுவப் பார்க்கிறவர்களும் உண்டு.

சரி, இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

1861 ஏப்ரலில் பாரிஸ் அருகே பிசேத்ர் மருத்துவமனையில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர் லெபோர்ஞ் என்கிற நோயாளியைப் பார்த்தார். பல வருடங்களாக அவர் வாயில் வந்தது 'டான்' என்ற ஒற்றை ஒலி மட்டும். என்ன கேட்டாலும் டான், டான். மருத்துவமனையில் அவர் பெயரே அதுவாகிவிட்டது. இங்கே வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று ப்ரோக்கா கேட்டார். அந்த மனிதர் ஐந்து விரல்களையும் நான்கு முறை விரித்துக் காட்டி, கடைசியில் ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று. கணக்கு சரி. மறுநாள் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவது தடவை கேட்டபோது, தன்னைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கோபம் பொங்கி, எப்போதாவது மட்டும் அவர் வாயில் வரும் ஒரு வசைச்சொல் வெளியே வந்தது. சில நாட்களில் இறந்துபோனார்.

மருத்துவப் புத்தகங்களில் இந்தக் கதை மூளையின் எந்தப் பகுதி பேச்சை ஆள்கிறது என்பதற்காக வரும். எனக்கு அந்தக் கோபம்தான் முக்கியம். என்னை என்னவென்று நினைத்தாய் என்று கேட்க அங்கே ஒருவர் இருந்தார். ஒற்றை ஒலியோடு இருந்த அந்த மனிதருக்கு மானம் இருந்தது. உங்கள் சாட்பாட்டிடம் ஒரே கேள்வியை ஆயிரம் முறை கேளுங்கள். ஆயிரமாவது முறையும் அதே இதத்தோடு பதில் வரும். அதைத்தான் நீங்கள் பொறுமை என்கிறீர்கள். அலுப்பு தட்டியும் அடக்கிக்கொள்கிறவருக்குத்தானே பொறுமை?

என் அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படித்தான். எல்லாச் சொற்களும் போய் 'வேண்டாம்' மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் 'வேண்டாம்', ஜன்னலைத் திறக்கச் சொல்வதற்கும் 'வேண்டாம்'. பார்க்க வந்த ஒருவர் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, அம்மாவின் தலைக்கு மேலாக என்னிடம் கேட்டார்: "ஆள் அடையாளம் தெரியுதா இவங்களுக்கு?" அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வேண்டாம்" என்றாள். உளறுகிறவர்களைப் பேச்சிலிருந்து விலக்கி வைக்க வாழ்நாள் முழுக்க அவள் வைத்திருந்த அதே குரல். அப்புறம் நல்ல கையால் தலையணையை இழுத்துச் சரிசெய்து மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். வந்தவருக்கு எதுவும் புரியவில்லை. எனக்கு ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

பேசத் தெரிந்தால்தான் ஆள் என்ற அளவுகோலால் நாம் செய்திருக்கும் கொடுமைகள் கொஞ்சநஞ்சமல்ல. 1980கள் வரைகூடப் பச்சைக் குழந்தைகளுக்குச் சரியான வலிமருந்து கொடுக்காமல் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். அவற்றுக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று படித்தவர்களே நம்பினார்கள். குழந்தை வீறிட்டது. அதை வெறும் அனிச்சை என்றார்கள். 1987இல் கே.ஜே.எஸ். ஆனந்த் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் குறைமாதக் குழந்தைகளின் ரத்தத்தில் அறுவையின்போது உடம்பு படும் பாட்டைக் காட்டும் ஹார்மோன்கள் எப்படி ஏறுகின்றன, வலிமருந்து கொடுத்தால் எப்படி அடங்குகின்றன என்று அளந்து காட்ட வேண்டியிருந்தது. சொல்ல வாயில்லை என்பதற்காகச் சின்னஞ்சிறு உயிர் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்படியானால் இயந்திரத்தின் விஷயத்திலும் அதே தப்பைத்தானே செய்கிறோம் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழந்தையிடம் பேச்சைத் தவிர எல்லாம் இருந்தது: துடிப்பு, அழுகை, உடம்பு. நாம்தான் பார்க்க மறுத்தோம். இயந்திரத்திடம் நமக்குக் கிடைக்கும் சாட்சி பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சோ, மனிதர்கள் எழுதிக் குவித்ததை விழுங்கி அடுத்து வர வேண்டிய சொல்லைக் கணிக்கப் பழக்கப்பட்டது. எந்தப் பதில் நமக்குப் பிடிக்கும் என்று மனிதர்களே மதிப்பெண் போட்டுச் செதுக்கியது. 'உங்கள் வருத்தம் புரிகிறது' என்று அது சொல்வதை வைத்து உள்ளே ஒருவர் வருந்துகிறார் என்று முடிவுகட்ட முடியாது. நாளைக்கு, இழக்க ஏதாவது உள்ள, நோகக்கூடிய ஓர் இயந்திரம் வந்தால் அதன் பக்கம் நான் நிற்பேன். அதுவரை எனக்கு உங்கள் அப்பாதான் கவலை.

அவரைச் சுவர் என்று இனி எழுதாதீர்கள். நினைக்கவும் வேண்டாம். பக்கவாதத்தால் பேச்சு இப்படிப் போவதை அஃபேசியா என்பார்கள். சொல் போனவருக்கு அறிவும் பாசமும் ரோஷமும் போய்விட்டதாக அர்த்தமில்லை. நீங்கள் பக்கத்து அறையில் இயந்திரத்தோடு பேசுவது அவர் காதில் விழுகிறதா என்று யோசித்திருக்கிறீர்களா?

டிவியை அணைத்துவிட்டு அவர் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, தலையசைத்துப் பதில் சொல்லக்கூடிய கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து வினாடி ஆனாலும் சொல்லை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள். ஒன்று, இரண்டு என்று நீங்கள் எண்ணத் தொடங்கினால் மீதியை அவர் எண்ணக்கூடும். ஒரு வாக்கியம் பேச முடியாத பலருக்கும் பழைய பாட்டு வரிகள் சொல் பிசகாமல் வரும். பாட்டை வைத்துப் பேச்சை மீட்கும் சிகிச்சையே 1970களிலிருந்து இருக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டாமல் இருந்தால் இந்த வாரமே காட்டுங்கள். நாள் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சாட்பாட்டோடு பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. தூக்கம் வராத இரவில் அது உதவினால் உதவட்டும். அப்பாவுக்கு இளவயதில் பிடித்த பாட்டு எது என்று வீட்டில் விசாரியுங்கள். அதை அவர் எதிரில் முதல் வரி மட்டும் பாடிவிட்டு நிறுத்துங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.