தலைவர்கள் குடியிருப்பிலிருந்தே வர வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சபை பேவியூ கவுன்சில் பிளாட்டுகளுக்கு, அதாவது மாநகராட்சியின் வாடகைக் குடியிருப்புகளுக்கு, அருகில் இருக்கிறது. அங்குள்ள இளைஞர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஆறு மாதம் தலைமைப் பயிற்சி அளித்து, விழா நடத்திச் சான்றிதழும் கொடுத்தோம். ஓராண்டுக்குள் பலர் வேலை கிடைத்து வேறு இடங்களுக்குக் குடிபோய்விட்டார்கள், இருப்பவர்களும் ஒதுங்கிவிட்டார்கள். பயிற்சியில் என்ன குறை?
– ஒரு சபை மூப்பர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: இளைஞர்களுக்கு வேலை கிடைத்ததைக் குறையாக எண்ண வேண்டாம். உங்கள் நீண்ட கடிதத்தில் பாடங்கள், பேச்சாளர்கள், விழாவுக்கு வந்த விருந்தினர்கள் ஆகியோரைப் பற்றியெல்லாம் விவரம் இருக்கிறது. அந்த ஆறு மாதத்தில் இளைஞர்கள் தாங்களே எதைப் பொறுப்பேற்று நடத்தினார்கள் என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஏழைக் குடியிருப்புகளில் கிறிஸ்தவ சமூக வளர்ச்சிப் பணி என்று இன்று சொல்லப்படுவதற்கு வடிவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஜான் பெர்கின்ஸ். மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், தம் அண்ணன் காவல் அதிகாரி ஒருவரால் சுடப்பட்டு இறந்த பிறகு 1947-இல் கலிஃபோர்னியாவுக்குப் போய், அங்கே வசதியாக வாழத் தொடங்கியிருந்தும் 1960-இல் குடும்பத்தோடு ஊர் திரும்பினார். 1970-இல் பிராண்டன் சிறையில் காவலர்கள் அவரைக் கடுமையாக அடித்தார்கள். அதன் பின்னும் அவர் பணியை விடவில்லை. அவரும் அவரைப் போன்றவர்களும் சேர்ந்து 1989-இல் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். அந்தச் சங்கத்தாரிடையே தலைவர்களை மூவகையாகச் சொல்வார்கள்: வெளியிலிருந்து வந்து குடியேறுகிறவர், படித்துவிட்டுத் திரும்பி வருகிறவர், எப்போதும் விட்டுப் போகாமல் இருப்பவர். பெர்கின்ஸ் தம்மிடம் வளர்ந்த பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும்போதே திரும்பி வரச் சொல்லி அனுப்பினார். அப்படித் திரும்பிய டால்ஃபஸ் வியரி பின்னாளில் பெர்கின்ஸ் தொடங்கிய மென்டன்ஹால் ஊழியத்துக்கே தலைமை ஏற்றார்.

நம் நிலைமையை இதோடு ஒட்டிப் பாருங்கள். டர்பனின் மேகசின் பாரக்ஸிலும் கேட்டோ மேனரிலும் வாழ்ந்த நம் இந்தியக் குடும்பங்கள், இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டு, 1960-களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து வைக்கப்பட்டன. 1991-இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பின், வசதி வந்தவர்கள் தாங்கள் விரும்பிய இடத்துக்குப் போனார்கள். அது அவர்கள் உரிமை. ஆனால் சபைக் குழுக்களில் இன்னும் அவர்களே அமர்ந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வசதியானவர்கள் வாழும் உம்ஹ்லாங்காவிலிருந்து கார் ஓட்டி வந்து, பிளாட்டில் இருப்பவர்களுக்கு எது தேவை என்று தீர்மானித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், உங்கள் குழுவினரின் வீட்டு முகவரிகளை ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

விட்டுப் போகாதவர்கள்தான் உங்கள் முதல் மாணவர்களாக இருக்க வேண்டும். அவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள் அல்லர். சாவு வீட்டுக்குப் பணம் திரட்டும் பாட்டி, மின்சாரம் துண்டிக்கப்பட்டால் எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த அக்காள், சுகர்ஸ் என்ற போதைப்பொருளிலிருந்து மீண்டு இன்று மற்றப் பையன்களை இரவில் தேடிப் போகிறவர் ஆகியோரே அவர்கள். வாடகைப் பாக்கிக்காகக் குடும்பங்களை வெளியேற்ற மாநகராட்சி முனைந்த 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், இதே பேவியூவிலும் வெஸ்ட்கிளிஃப்பிலும் முன்வரிசையில் நின்ற பெண்கள் எந்த வகுப்பில் அமர்ந்து அதைக் கற்றார்கள்? அமெரிக்க ஆய்வாளர்களான ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் 1993-இல் வெளியிட்ட கையேடு, ஒரு பகுதியின் குறைகளைக் கணக்கெடுக்கும் முன் அங்குள்ளவர்களின் திறமைகளைக் கணக்கெடுக்கச் சொல்கிறது. வீடு வீடாகப் போய், ‘உங்களுக்கு என்ன வேண்டும்?’ என்பதற்குப் பதில் ‘உங்களால் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். தையல், வெல்டிங், கணக்கு எழுதுதல், சரளமான ஜூலு என்று பட்டியல் நீளும்.

அடுத்த பயிற்சியை ஒரு வேலையிலிருந்து தொடங்குங்கள். மாலைப் பாட வகுப்பு ஒன்றை அந்த மக்களுள் மூவர் கையில் ஒப்படையுங்கள். அறைச் சாவி, வருகைப் பதிவேடு, சிறு தொகை மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். தொகையைக் கொடுக்கத்தான் சபைகள் தயங்குகின்றன, ஆனால் பணத்தைக் கையாண்டு பெற்றோர் முன் கணக்கு வாசிக்காதவர் தலைவராக ஆவதில்லை. மாதம் ஒருமுறை அனுபவமுள்ள ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டு, தேவையான பாடத்தை அப்போது சொல்லித் தரட்டும். இரண்டு மாதத்தில் வகுப்பு தள்ளாடினால், உடனே போதகர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சபை நடத்தும் மாலை வகுப்புக்கு என் பேரப்பிள்ளைகள் போகிறார்கள். கணக்குப் பாடத்தில் நன்றாக முன்னேறியிருக்கிறார்கள். ஆனால் வகுப்பு முடியும்போது ஜெபமும், ஞாயிற்றுக்கிழமை வரும்படி அழைப்பும் உண்டு. எங்களுடையது மாரியம்மன் கோயில் குடும்பம். இது சமூக சேவையா, மதமாற்றத்துக்கு வழியா?
– ஒரு பாட்டி, பீனிக்ஸ்

பதில்: உங்கள் சந்தேகம் ஆதாரமற்றது அல்ல, அம்மா. ரோலண்ட்ஸ் குடும்பத்தார் தொடங்கிய பெத்தெஸ்தா இயக்கம் முதல், நம் மக்களிடையே வளர்ந்த பெந்தெகொஸ்தே சபைகளில் சேர்ந்தவர்களில் மிகப் பலர் இந்துத் தமிழ், தெலுங்குக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அதனால் பிளவுபட்ட வீடுகளும் உண்டு, இரண்டு நம்பிக்கைகளும் ஒரே கூரையின் கீழ் அமைதியாக வாழும் வீடுகளும் உண்டு.

கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு ஜெபத்தை விலையாக வைப்பது தவறு. இயேசு பத்துக் குஷ்டரோகிகளைக் குணமாக்கினார். ஒருவன் மட்டுமே நன்றி சொல்லத் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேரின் சுகத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொள்ளவில்லை. எனவே ஜெபமும் அழைப்பும் வகுப்பு நேரத்துக்கு வெளியே, பெற்றோரின் சம்மதத்தோடு மட்டும் நடக்க வேண்டும், அந்த விதி எழுத்தில் சுவரில் ஒட்டப்பட வேண்டும். வகுப்புப் பொறுப்பாளரை நேரில் சந்தித்து இதைக் கேளுங்கள். பெற்றோர் குழுவில் உங்களுக்கும் ஓர் இடம் கேளுங்கள். கோயில் குடும்பத்தார் உட்காரத் தயங்கும் குழு, அந்தக் குடியிருப்பின் பெயரால் பேச முடியாது.

கேள்வி: எங்கள் பணியைப் பதிவு செய்வது அவசியமா?
– ஒரு போதகர், மெரிபேங்க்

பதில்: கட்டாயமில்லை, ஆனால் அரசு மானியமோ நிறுவனங்களின் நன்கொடையோ வேண்டுமென்றால் தேவைப்படும். 1997-ஆம் ஆண்டின் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்படி சமூக வளர்ச்சித் துறையில் பதிவு செய்யலாம். அதன் பின் ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். வரிவிலக்குக்கு விண்ணப்பித்தால், ஒருவருக்கொருவர் உறவற்ற மூவராவது பொறுப்பில் இருக்க வேண்டும். போதகர், போதகரின் மனைவி, மகன் என்று அமையும் நம்மூர்க் குழுக்கள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. பிள்ளைகளோடு பணிபுரியும் ஒவ்வொருவரின் பெயரையும், 2005-ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி, தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டின் இரண்டாம் பகுதியோடு சரிபார்க்க வேண்டும். தொண்டர்கள்தானே என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: பாட்டில்பிரஷ் குடிசைப் பகுதியிலிருந்து வரும் ஜூலு குடும்பங்களுக்கு மாதந்தோறும் ஹாம்பர், அதாவது உணவுப் பொருள் பொதி, கொடுக்கிறோம். தலைமைப் பயிற்சிக்கு அழைத்தால் இரண்டு வாரம் வந்து நின்றுவிடுகிறார்கள். ஆர்வம் இல்லையா?
– ஒரு சபை உதவிக்காரர், கிராஸ்மோர்

பதில்: அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைக் குழுவாக மறுபடியும் வாசியுங்கள். கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பங்கீட்டில் கவனிக்கப்படவில்லை என்ற முறையீடு எழுந்தபோது, எருசலேம் சபை அவர்களுக்குக் கூடுதலாக அப்பம் அனுப்பி விஷயத்தை முடிக்கவில்லை. பந்தி விசாரணைக்கு, அதாவது அந்தப் பங்கீட்டைக் கவனிக்க, ஏழு பேரைத் தெரிந்துகொண்டது. ஸ்தேவான் முதல் நிக்கொலா வரை அந்த ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்னவர்களின் தரப்பிலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்பதையே அது காட்டுகிறது. ஹாம்பர் பெறுவோரின் பட்டியலை இன்று தயாரிப்பவர் யார்?

2021 ஜூலைக் கலவரத்தில், இந்தியர்கள் பெரும்பான்மையாக வாழும் பீனிக்ஸில் 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் ஹாம்பரை மட்டும் நீட்டும் சபையின் வகுப்பில் இந்த ஜூலு குடும்பத்தார் மனம்விட்டு அமர்வார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. டர்பனில் பேராயர் டெனிஸ் ஹர்லி 1976-இல் தொடங்கிய டயகோனியா என்ற கிறிஸ்தவ அமைப்பு, பல திருச்சபைகளை ஒன்றாக உட்காரவைத்தே வளர்ந்தது. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் உஜாமா மையம் நடத்தும் வேத ஆராய்ச்சி முறையில், ஏழை வாசகர்களின் அன்றாடப் பிரச்சினையே பாடத்தின் தொடக்கம். இந்த இரண்டு இடங்களிலும் ஆலோசனை கேளுங்கள்.

அதற்கிடையில், அடுத்த மாதப் பட்டியலைப் பாட்டில்பிரஷ் தாய்மார்கள் இருவர் தயாரிக்கட்டும். அதில் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்ற முடிவும் அவர்களுடையதாக இருக்கட்டும். வகுப்பை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தாமல் ஜூலுவிலும் நடத்துங்கள். நேரம் குறிக்கும் முன், வாரநாளில் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்றும், டாக்சிக் கட்டணம் அவர்களுக்குக் கட்டுப்படியாகுமா என்றும் அந்த இருவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.