திரை கேள்வி–பதில்: பிரிட்டிஷ் நடிகர்கள்

கேள்வி: பிரிட்டிஷ் நடிகர்கள் என்றாலே எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரு மயக்கம். அந்த இங்கிலீஷ் உச்சரிப்பை எடுத்துவிட்டால் அவர்களிடம் வேறென்ன இருக்கிறது?
— வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: அந்த உச்சரிப்பே பாதிப் பேருக்குப் பிறவியில் வந்ததில்லை. நம் தென்னாப்பிரிக்காவின் டிராகன்ஸ்பர்க் மலையடியில் எடுத்த ‘சூலு’ (1964) படத்தில் பெரிய இடத்துப் பிள்ளையாக, லெப்டினன்ட் பிராம்ஹெட்டாக வரும் மைக்கேல் கெய்ன், லண்டன் மீன் சந்தையில் சுமை தூக்கியவரின் மகன். அவர் கேட்டுப் போனது அதே படத்தில் சாதாரணச் சிப்பாய் வேடம். அது கைமாறிப் போனதால்தான் அதிகாரி வேடம் கிடைத்தது. படத்தில் அவர் கைகளைக் கவனியுங்கள். முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பார். எல்லாவற்றுக்கும் ஆள் வைத்திருப்பவன் கையை ஆட்டிப் பேச வேண்டியதில்லை என்று இளவரசர் ஃபிலிப்பைப் பார்த்துப் பிடித்த நடை அது. பேச்சை மட்டும் மாற்றி, கையைப் பழையபடி விட்டிருந்தால் வேடம் அங்கேயே கலைந்திருக்கும்.

இன்னொன்று, சின்ன வேடம் என்று யாரும் முகம் சுளிப்பதில்லை. ‘தி சைலன்ஸ் ஆஃப் தி லேம்ப்ஸ்’ (1991) படத்தில் ஆந்தனி ஹாப்கின்ஸ் திரையில் இருப்பது அரை மணி நேரம்கூட இல்லை. ‘ஷேக்ஸ்பியர் இன் லவ்’ (1998) படத்தில் ஜூடி டென்ச் வருவது 8 நிமிடம்கூட இருக்குமா என்பது சந்தேகம். இருவருக்கும் ஆஸ்கர். நம் ஊர் சினிமாவில் இத்தனை நிமிடத்துக்கு ஒரு பெரிய நடிகரைக் கூப்பிட்டால் ‘கௌரவத் தோற்றம்’ என்று போஸ்டர் அடிக்கச் சொல்வார்கள்.

கேள்வி: ‘காந்தி’ படத்தில் நடித்தவர் வெள்ளைக்காரரா, இந்தியரா? வீட்டில் பெரிய வாக்குவாதம்.
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: இரண்டு பக்கமும் ஜெயித்தது. பென் கிங்ஸ்லி பிறந்தது 1943இல், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில். இயற்பெயர் கிருஷ்ண பாஞ்சி. அப்பா குஜராத்தி வம்சத்து மருத்துவர், அம்மா ஆங்கிலேயர். ‘காந்தி’ (1982) வருமுன் பல வருடம் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையில் இருந்தவர். இந்த வேடத்துக்காக உடம்பை இளைத்து, ராட்டையில் நூல் நூற்கக் கற்றுக்கொண்டார்.

உங்கள் ஊர் ஸ்டேஷனில் 1893 ஜூன் 7 இரவு தள்ளிவிடப்பட்ட இளம் வக்கீல் முதல் 78 வயதுக் கிழவர் வரை ஒரே ஆள். வயதை மேக்கப்பில் தேடாதீர்கள், நடையில் பாருங்கள். இளைஞர் தரையைப் பார்க்காமல் விறைப்பாக நடப்பார். கடைசிப் பகுதியில் காலடி சிறுத்து, நடை வேகம் மட்டும் குறையாமல் இருக்கும். கிழவர் வேடம் என்றதும் கூன் போட்டு, கை நடுங்கவிட்டு, இருமித் தொலைப்பவர்கள் பத்து தடவை பார்க்க வேண்டிய இடம் இது.

இன்னொரு தடவை போட்டால் இவர்களையும் தேடுங்கள்: ஜெனரல் ஸ்மட்ஸாக வருபவர் நம் நாடக ஆசிரியர் ஏதோல் ஃபுகார்ட். தென்னாப்பிரிக்கத் தெருவில் காந்தியை வம்புக்கு இழுக்கும் போக்கிரி, பின்னாளில் மூன்று ஆஸ்கர் வாங்கிய டேனியல் டே லூயிஸ்.

கேள்வி: மகள் தமிழ் ஐஸ்டெட்ஃபட் கலைப் போட்டிக்கு இரண்டு நிமிடத் தனிநடிப்பு தயார் செய்கிறாள். மனப்பாடம் ஆனதும் பாடம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. இந்தப் பெரிய நடிகர்களிடமிருந்து அவளுக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா?
— வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: நிறைய உண்டு. ஹாப்கின்ஸ் ஒரு வசனத்தை 200 தடவைக்கு மேல் வாசிப்பார் என்பது பிரசித்தம். அடுத்த சொல் என்ன என்று மனம் தேடிக்கொண்டிருக்கும் வரை முகத்தில் நடிப்பு வராது, தேடல்தான் தெரியும். ஆனால் 200 தடவையும் ஒரே ராகத்தில் சொன்னால் வசனத்தோடு ராகமும் மனப்பாடம் ஆகிவிடும். உங்கள் மகளுக்கு நடந்திருப்பது அதுதான். முதல் இருபது தடவை உட்கார்ந்தபடி, உணர்ச்சியே இல்லாமல், பத்திரிகைச் செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கட்டும். ஒரு தடவை வேகமாக, ஒரு தடவை மெதுவாக, ஒரு தடவை ரகசியம் சொல்வதுபோல். ராகம் உடைந்துவிடும். அதன் பிறகு துணி மடித்துக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். கை வேலை செய்யும்போது வாய் தடுமாறினால் இன்னும் ஏறவில்லை என்று அர்த்தம்.

இங்கிலாந்து மேடைப் பயிற்சியில் விடாமல் சொல்வது, வரியின் கடைசிவரை மூச்சையும் குரலையும் கொண்டுபோய்ச் சேர் என்பது. தமிழுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் நமக்கு வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. ‘உன்னை நான் மன்னிக்க மாட்டேன்’ என்பதில் மூச்சு தீர்ந்து ‘மாட்டேன்’ விழுங்கப்பட்டால், பின்வரிசைக்கு மன்னித்துவிட்டதாகத்தான் கேட்கும். எழுத்துப் பிரதியில் கமாவை நம்பாமல், மூச்சு எடுக்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நீள வாக்கியத்தை இரண்டாக வெட்டத் தயங்காதீர்கள்.

மகளுக்குத் தமிழ் எழுத்து சரளமாக வராவிட்டால் ரோமன் எழுத்தில் மட்டும் எழுதிக் கொடுக்க வேண்டாம். ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ஜூடி டென்ச்சுக்குப் பார்வை மங்கிய பிறகு, வேறொருவர் வாசிக்கக் காதால் கேட்டே வசனம் படிக்கிறார். வீட்டில் நல்ல தமிழ் பேசும் ஆயா (பாட்டி) இருந்தால் ஃபோனில் பதிவு செய்து, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் அதே நீளத்துக்கு இடைவெளி விட்டுத் திருப்பிச் சொல்லவையுங்கள்.

அளவு: இரண்டு நிமிடத்துக்கு 180 சொல் தாராளம். 250 எழுதினால் ஓட வேண்டியிருக்கும், மௌனத்துக்கு இடமிருக்காது. போட்டிக்கு வீடியோ அனுப்புவதாக இருந்தால் மைக்கேல் கெய்ன் சொல்லிக்கொடுத்த வித்தை உதவும். எதிரே நிற்பவரின் இரண்டு கண்ணையும் மாறி மாறிப் பார்த்தால் கேமராவில் விழி அலைபாய்வதுபோல் தெரியும். கேமராவுக்கு அருகில் இருக்கும் கண்ணை மட்டும் பார்க்க வேண்டும், தேவையில்லாமல் இமைக்கக் கூடாது. மேடையில் இதெல்லாம் யாருக்கும் தெரியாது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் இளமையில் இங்கே டிவியில் பிரிட்டிஷ் நாடகங்களே வரவில்லையே, ஏன்?
— வாசகர், டோங்காட்

பதில்: இங்கே டிவி தொடங்கியதே 1976 ஜனவரியில். அதே வருடம், நிறவெறி ஆட்சியைக் கண்டித்து, ‘எக்விட்டி’ என்னும் பிரிட்டிஷ் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் நடித்த நிகழ்ச்சிகளைத் தென்னாப்பிரிக்க டிவிக்கு விற்கத் தடை போட்டது. அதனால்தான் அமெரிக்கத் தொடர்களும், ஆஃப்ரிகான்ஸில் டப் செய்த ஜெர்மன் தொடர்களுமாகப் பார்த்தோம். நம்மை எண்ணிப் போட்ட தடை, நஷ்டம் நமக்கும்தான். ஆனாலும் சரியான தடை.

கேள்வி: மண்டேலாவாக நடிக்க லண்டன்காரர் எதற்கு?
— வாசகி, மெரிபேங்க்

பதில்: நியாயமான முணுமுணுப்பு. ஆனால் ‘மண்டேலா: லாங் வாக் டு ஃப்ரீடம்’ (2013) படத்தைத் தயாரித்தவர் நம் டர்பன்காரர் ஆனந்த் சிங். இட்ரிஸ் எல்பா முகச்சாயலில் மண்டேலா இல்லை, அதை அவர் துரத்தவும் இல்லை. பிடித்தது பேச்சை: ஒவ்வொரு அசையையும் ஒரே கனத்தில் வைப்பது, வாக்கியத்தின் நடுவே நிறுத்துவது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் கேளுங்கள், தெரியும். குறை, பிற்பகுதியின் முதுமை மேக்கப். கன்னம் அசையாமல் முகமூடி மாட்டியதுபோல் இருக்கிறது.

கேள்வி: ‘பிரிட்ஜர்டன்’ தொடரில் வரும் அக்கா தங்கை நிஜமாகவே தமிழ்ப் பெண்களா?
— வாசகி, வெருலம்

பதில்: ஆம். 2022இல் வந்த இரண்டாம் சீசனில் நடித்த சிமோன் ஆஷ்லி, சரித்ரா சந்திரன் இருவரும் தமிழ் வம்சத்துப் பிரிட்டிஷ் நடிகைகள். ஆனால் குடும்பப் பெயர் சர்மா, அப்பாவுக்கு ‘அப்பா’, அக்காவுக்கு ‘தீதி’. எந்த ஊர்க் குடும்பம் என்று எழுதியவர்களுக்கே நிச்சயமில்லை. நடிகைகள் மேல் குற்றமில்லை.

கேள்வி: வீட்டில் இந்தப் படங்களைப் போட்டால் பேச்சு காதில் விழுவதில்லை, இசை மட்டும் அலறுகிறது. வயதாகிவிட்டதா எனக்கு?
— வாசகர், லெனேசியா

பதில்: பெரும்பாலும் டிவியின் குறை. தியேட்டர் ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாக வரும். இரண்டு ஸ்பீக்கர் உள்ள டிவியில் எல்லாம் ஒன்றாய்க் கலந்து, வசனம் அடியில் போய்விடும். ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஆடியோவை 5.1இலிருந்து ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். டிவி செட்டிங்கில் ‘கிளியர் வாய்ஸ்’ போன்ற பெயரில் ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். ‘சரவுண்ட்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். சுவரில் ஒட்டி மாட்டிய டிவிக்கு ஸ்பீக்கர் பெரும்பாலும் பின்பக்கமோ அடியிலோ இருக்கும், ஒலி நேராக வராது. சின்ன சவுண்ட்பார் ஒன்றை முன்னால் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் மேல் கேட்கவில்லை என்றால், வாயைத் திறக்காமல் முணுமுணுப்பதை இயல்பான நடிப்பென்று நினைக்கும் இந்தக் கால இளைஞர்கள்தான் காரணம். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள்.