பிங் போகிறது, டேட்டாபேஸ் திறக்கவில்லை

கேள்வி: வெள்ளவத்தையில் ஒரு கம்பனியில் ஐடி வேலை பார்க்கிறேன். மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷ்யூரில் எங்கள் நெட்வொர்க் 10.0.0.0/16. வெப் சேர்வர் 10.0.1.0/24 சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பகுதி), போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் 10.0.2.0/24 இல். இடையில் 10.0.3.4 என்ற லினக்ஸ் ஃபயர்வால் வழியாகப் போகும்படி வெப் சப்நெட்டுக்கு ரூட் டேபிள் (பாக்கெட் போகும் வழிகளின் பட்டியல்) போட்டேன். பிங் போகிறது. ஆனால் டேட்டாபேஸின் 5432 போர்ட்டில் அப்ளிகேஷன் அப்படியே நின்றுவிடுகிறது. எங்கே பிழை?

பதில்: பிங் போகிறது என்று எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ஐபி ஃபார்வர்டிங்கை, அதாவது வரும் பாக்கெட்டை அடுத்த இடத்துக்குக் கடத்திவிடும் வசதியை, ஃபயர்வாலின் நெட்வொர்க் கார்டிலும் லினக்ஸுக்குள்ளேயும் சரியாகத் திறந்திருக்கிறீர்கள். இல்லாவிட்டால் பிங்கும் செத்திருக்கும்.

பிழை திரும்பும் வழியில். ரூட் டேபிளை ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். ஒரே நெட்வொர்க்கில் உள்ள சப்நெட்டுகளுக்கு இடையே அஷ்யூர் தானாகவே நேர்வழி வைத்திருக்கும். டிசிபி கனெக்‌ஷன் திறக்க மூன்று பாக்கெட் வேண்டும்: கேட்பது சின், ஒப்புக்கொள்வது சின்-ஆக், உறுதிசெய்வது ஆக். வெப் அனுப்பும் முதல் சின் பாக்கெட் ஃபயர்வால் வழியாகப் போகிறது; டேட்டாபேஸின் சின்-ஆக் பதில் ஃபயர்வாலைத் தொடாமல் நேரே வெப்புக்கு வந்துவிடுகிறது. வெப் 'கனெக்‌ஷன் கிடைத்துவிட்டது' என்று நம்பி ஆக் அனுப்பும். ஃபயர்வாலோ சின்-ஆக்கைப் பார்க்கவே இல்லை. கணக்கில் சேராத பாக்கெட் என்று ஆக்கைத் தள்ளிவிடும். பிங்குக்கு இந்த மூன்று கட்டக் கைகுலுக்கல் கிடையாது, அதனால் தப்பித்துக்கொள்கிறது. இதே சிக்கலில் நான் ஒரு முழு இரவைத் தொலைத்திருக்கிறேன், பாஸ்வேர்ட் பிழை என்றே நினைத்துக்கொண்டு.

சரி, செய்ய வேண்டியது இதுதான். இன்னொரு ரூட் டேபிள் உருவாக்கி, 10.0.1.0/24 க்கான நெக்ஸ்ட் ஹொப்பை (பாக்கெட் அடுத்துப் போக வேண்டிய இடம்) விர்ச்சுவல் அப்ளையன்ஸ், 10.0.3.4 என்று, அதாவது உங்கள் ஃபயர்வால் என்று கொடுத்து, அதை டேட்டாபேஸ் சப்நெட்டோடு இணையுங்கள். ஃபயர்வால் இருக்கும் சப்நெட்டில் மட்டும் இந்த ரூட்டுகளை இணைக்க வேண்டாம், பாக்கெட் தன்னிடமே சுற்றிச் சுற்றி வரும்.

வேலை குறையட்டும் என்று 10.0.0.0/16 ஐ மொத்தமாக ஃபயர்வாலுக்குத் திருப்பவும் பலருக்குக் கை போகும். அப்படிச் செய்தால் ஒரே சப்நெட்டில் பக்கத்தில் இருக்கும் இரண்டு சேர்வர்கள் பேசுவதும் ஃபயர்வால் வழியாகத்தான் போகும். அது வேண்டாமென்றால், அந்த சப்நெட்டின் சொந்த /24 க்கு நெக்ஸ்ட் ஹொப் விர்ச்சுவல் நெட்வொர்க் என்று தனி ரூட் சேருங்கள். குறுகிய முகவரி வரம்புள்ள ரூட்தான் எப்போதும் வெல்லும்; /16 ஐ விட /24 குறுகியது. வரம்பு சமமானால் நீங்கள் போட்ட ரூட், அஷ்யூரின் ரூட்டை வெல்லும்.

அப்புறம், இரண்டு சேர்வர்களின் நெட்வொர்க் கார்டிலும் எஃபெக்டிவ் ரூட்ஸ் பக்கத்தைத் திறந்து 10.0.3.4 நிற்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலில், கடந்துபோகும் பாக்கெட்டுகளைத் திரையில் காட்டும் டிசிபிடம்பை ஓடவிட்டு அப்ளிகேஷனைத் திறவுங்கள். இதுவரை சின்னும் ஆக்கும் மட்டுமே ஓடிய திரையில், இடையே 10.0.2 இலிருந்து வரும் சின்-ஆக்கும் தெரிய வேண்டும்.